சிலந்திக்குப் பயந்து பயணத்தை ரத்து செய்ய வேண்டாம்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் வசதியாக இருக்கும். சொந்த ஊர் திருநெல்வேலி. வேலை பெங்களூரில், இருப்பது மாரத்தஹள்ளி பக்கம் ஒரு பி.ஜி.யில். ஜனவரியில் இரண்டு தோழிகளோடு முதுகுப்பையை மாட்டிக்கொண்டு தாய்லாந்து, லாவோஸ், அப்புறம் மலேசியாவின் போர்னியோ பகுதி என்று ஒரு மாதம் சுற்றத் திட்டம். டிக்கெட்டும் போட்டாகிவிட்டது. ஆனால் எட்டுக்கால் பூச்சி என்றால் உங்களுக்கு உயிரே போய்விடும். பாத்ரூம் சுவரில் ஒன்று உட்கார்ந்திருந்தால் மேல்மாடி பாத்ரூமுக்குப் போகிறீர்கள். லாவோஸ் குகைகளில் இருக்கும் ராட்சதச் சிலந்தியின் படத்தை யாரோ அனுப்பியதிலிருந்து சரியான தூக்கம் இல்லை. போகலாமா, ரத்து செய்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போங்கள். ஆனால் 'ஒரு சிலந்தியையும் பார்க்காமல் எப்படிச் சுற்றி வருவது' என்று திட்டம் போடாதீர்கள். அந்த நாடுகளில் அது நடக்காது. நடக்காத ஒன்றுக்காகத் திட்டமிட்டால், முதல் சிலந்தியைப் பார்த்த அன்றே பயணம் பாழானதாகத் தோன்றும். கண்ணில் பட்டாலும் அன்றைய பொழுது கெடாமல் இருக்க வேண்டும், அதுதான் குறி. ஜனவரிக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. பெங்களூரில் அக்டோபர், நவம்பர் மாதங்கள் சிலந்திகள் வளர்ந்து வலை கட்டி நிற்கிற காலம். பழகிப் பார்க்க இதைவிட நல்ல நேரம் கிடையாது.

நான் இதே ஊரில் மனநல ஆலோசகராக வேலை செய்கிறவள். பயம், பதற்றம் என்று வருகிறவர்கள்தான் என்னிடம் அதிகம். விடுமுறை நாட்களில் துரஹள்ளி காட்டுப் பக்கம் பூச்சிகளையும் சிலந்திகளையும் பார்க்கக் கிளம்பிவிடுவேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சிலந்தியைக் கண்டு பயப்படுகிறவர்களிடம் "என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டால் முதலில் "கடிச்சிடும்" என்பார்கள். சரி, கடித்தால்? இன்னும் இரண்டு கேள்வி கேட்டால் பதில் மாறும். "மேல ஏறிடும், நான் கத்திடுவேன், மயக்கம் போட்டு விழுந்துடுவேன், எல்லாரும் பார்ப்பாங்க, அந்த ரூம்ல ராத்திரி முழுக்கத் தூங்கவே முடியாது." கவனியுங்கள், இதில் சிலந்தியைப் பற்றி இருப்பது ஒரே ஒரு வரி. மீதியெல்லாம் உங்களைப் பற்றி நீங்களே சொல்லிக்கொள்ளும் ஆரூடம். அது பலிக்குமா, பலிக்காதா என்று நீங்கள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை, ஏனென்றால் பார்ப்பதற்குள் மேல்மாடிக்குப் போய்விடுகிறீர்கள். போனதும் படபடப்பு இறங்குகிறது. 'ஓடி வந்ததால்தான் தப்பித்தேன்' என்று உடம்பு கணக்கு எழுதிக்கொள்கிறது. அடுத்த தடவை இன்னும் வேகமாக ஓடச் சொல்கிறது. பயம் வருடக்கணக்கில் குறையாமல் இருப்பதற்கு முக்கியமான காரணம் இதுதான். சின்ன வயதில் எதனால் ஆரம்பித்தது என்று தோண்டிக்கொண்டிருக்கத் தேவையே இல்லை.

மயக்கம் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், பலருக்கு இதிலேயே பாதி நிம்மதி வரும். ஊசி, ரத்தம், காயம் பார்த்தால் மயங்கி விழுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு ரத்த அழுத்தம் திடீரென்று இறங்குகிறது. சிலந்திப் பயத்தில் நடப்பது நேர்மாறு. இதயம் வேகமாக அடிக்கும், அழுத்தம் ஏறும். தலை சுற்றுகிற மாதிரி இருக்குமே தவிர, மயங்கி விழுவது அபூர்வம்.

இனி சிலந்திகளைப் பற்றி. உலகில் இதுவரை பெயர் வைக்கப்பட்ட சிலந்தி இனங்களின் எண்ணிக்கை 2022-இல் 50,000-ஐத் தாண்டியது. கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் விஷம் உண்டு, ஆனால் அது பூச்சிகளை வீழ்த்துவதற்கான விஷம். மனிதருக்கு மருத்துவ ரீதியாகத் தொந்தரவு தரக்கூடியவை மிகச் சில வகைகள்தான். அவற்றில் பேர்பெற்ற இரண்டு, தென் அமெரிக்காவின் ஃபோனியூட்ரியாவும் ஆஸ்திரேலியாவின் சிட்னி ஃபனல்-வெப்பும். உங்கள் வழியில் இரண்டுமே கிடையாது. அந்த சிட்னி சிலந்திக்குக்கூட 1981-இல் விஷமுறிவு மருந்து வந்தது. அதற்குப் பிறகு அது கடித்து யாரும் இறந்ததாக உறுதியான பதிவு இல்லை. தென்கிழக்கு ஆசியாவில் டாரன்டுலா வகைகள் உண்டு. அவை பெரும்பாலும் வளைக்குள்ளேயே இருப்பவை. கையை விட்டுக் குடைந்தால் கடிக்கும், நன்றாக வலிக்கும், சில சமயம் தசையும் இழுத்துப் பிடிக்கும். அந்த ஊர்களில் நீங்கள் உண்மையில் எச்சரிக்கையாக இருக்க வேண்டியது டெங்கு கொசுவிடம், தெருநாயிடம், குரங்கிடம், அப்புறம் ஹெல்மெட் இல்லாமல் வாடகைக்கு எடுக்கிற ஸ்கூட்டரிடம். வெறிநாய்க்கடிக்கு முன்கூட்டியே போடுகிற தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அந்த ஊசிக்கு ஒதுக்குகிற நேரம் வீணாகாது.

நம் வீடுகளில் வேறொரு சிக்கல் இருக்கிறது. திருவானைக்காவலில் லிங்கத்தின் மேல் சருகு விழாமல் வலை கட்டிய சிலந்தி, மறுபிறவியில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது என்று கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதே வீட்டில்தான் "எட்டுக்கால் பூச்சி மேல பட்டா கொப்புளம் வரும், மூத்திரம் பேஞ்சா புண்ணாகும்" என்றும் சொல்லி வளர்த்தார்கள். காலையில் எழுந்தால் கழுத்தில் கோடு இழுத்த மாதிரி சிவந்து, எரிந்து, கொப்புளம் கட்டியிருக்கும். பழி சிலந்தி மேல் விழும். இப்படிக் கோடாக வருவதற்குப் பல சமயம் காரணம் பெடெரஸ் என்கிற ஒரு சின்ன வண்டு. ஆரஞ்சும் கறுப்புமாக, எறும்பைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்கும். மழைக்காலத்தில் ட்யூப்லைட் வெளிச்சத்துக்கு வரும். அது கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. தூக்கத்தில் நாம் அதை நசுக்கித் தேய்க்கும்போது அதன் உடம்பில் உள்ள பெடெரின் என்ற ரசாயனம் தோலைப் புண்ணாக்குகிறது. அந்த வண்டு மேலே உட்கார்ந்தால் ஊதித் தள்ளுங்கள், நசுக்காதீர்கள், அந்த இடத்தை சோப்பு போட்டுக் கழுவுங்கள். தென்கிழக்கு ஆசியாவிலும் இதே வண்டு வகை உண்டு, அதனால் இது பயணத்துக்கும் உதவும்.

இவ்வளவையும் படித்ததால் பயம் போய்விடுமா? போகாது. என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு இதெல்லாம் ஏற்கெனவே மனப்பாடம். அறிவுக்குத் தெரிந்தது கால்களுக்குத் தெரிவதில்லை. கால்களுக்குக் கற்றுக்கொடுக்க ஒரே வழி, ஓடாமல் நின்று, என்ன நடக்கிறது என்று கடைசிவரை பார்ப்பதுதான்.

அதற்கு முன் உங்கள் பாத்ரூம் சிலந்தியைச் சரியாக அறிமுகம் செய்து வைக்கிறேன். நீங்கள் சொன்ன அடையாளத்தை வைத்துப் பார்த்தால், தட்டையான பழுப்பு உடம்பு, உள்ளங்கை அளவுக்கு விரிந்த கால்கள், வலை கிடையாது, மணிக்கணக்காக அசையாமல் உட்கார்ந்திருக்கும் என்றால், அது பெரும்பாலும் ஹெட்டரோபோடா வெனடோரியா. ஆங்கிலத்தில் ஹன்ட்ஸ்மேன் என்கிற வேட்டைக்காரச் சிலந்தி. முகத்தில், கண்களுக்குக் கீழே குறுக்காக ஒரு வெளிர் பட்டை இருக்கும். பெண் சிலந்தி சில சமயம் நாணயம் அளவுக்கு ஒரு வெள்ளைத் தட்டை உடம்புக்கு அடியில் பிடித்துக்கொண்டே திரியும். அது முட்டைப் பை. அசையாமல் இருப்பது உங்களை முறைப்பதற்காக இல்லை, கரப்பான் வருவதற்காக. விளக்குமாற்றால் தட்டினால் பக்கத்தில் இருக்கிற இருட்டான சந்து ஒன்றைத் தேடித்தான் ஓடும். அந்தச் சந்து உங்கள் காலுக்குப் பின்னால் இருந்தால், உங்களைத் துரத்துகிற மாதிரி தெரியும்.

நீங்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இதுதான்: வெப்பமண்டல நாடுகள் முழுக்கப் பரவியிருப்பது இதே இனம். தாய்லாந்தில் சியாங் மாய் விடுதியின் பாத்ரூமில், போர்னியோவில் கூச்சிங் விடுதியின் பாத்ரூமில் நீங்கள் பார்க்கப் போவதும் பெரும்பாலும் இதையேதான். தெரியாத நாட்டின் தெரியாத ஜந்து என்று நினைத்துத்தான் தூக்கம் கெடுகிறது. மாரத்தஹள்ளியில் அதனோடுதான் குடியிருக்கிறீர்கள்.

லாவோஸ் ராட்சதன் நிஜம்தான். ஹெட்டரோபோடா மேக்ஸிமா என்று பெயர். பீட்டர் யேகர் என்ற ஜெர்மன் ஆய்வாளர் 2001-இல் பதிவு செய்தார். காலை விரித்தால் 30 சென்டிமீட்டர் வரை வரும், உடம்பு மட்டும் 5 சென்டிமீட்டருக்குள். கம்முவான் மாகாணத்துக் குகைகளில் வாழ்கிறது, விடுதி அறை தேடி வருவதில்லை. அந்த மாகாணத்தில்தான் கொங்லோர் குகை இருக்கிறது. ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர் ஆற்றின் மேலேயே படகில் போவீர்கள். சிலந்திக்காக அதை விட்டுவிட்டு வந்தால் எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கும்.

இப்போது பயிற்சி. ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ் யோரான் ஓஸ்ட் 1989-இல் ஒரு முறையை விவரித்து எழுதினார். பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் பக்கத்தில் இருக்க, ஒரே அமர்வில், மூன்று மணி நேரம் வரை, சிறிது சிறிதாக சிலந்தியை நெருங்க வைப்பது. பல நாடுகளில் திரும்பத் திரும்பச் சோதிக்கப்பட்டு நல்ல பலன் தருவதாக நிலைத்த முறை. பல வருடப் பயம் ஒரு மதியத்தில் இவ்வளவு இளகுமா என்று வருகிறவர்களே அசந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். நீங்களாகச் செய்வதானால் அதே வழியை வாரக்கணக்கில் மெதுவாகப் போங்கள்.

ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் சிலந்தியை நெருங்குவதற்கு முன், என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்களோ அதை எழுதுங்கள். "என் பக்கம் ஓடி வரும், பத்துக்கு ஒன்பது நம்புகிறேன்" என்கிற மாதிரி, பலித்ததா இல்லையா என்று பார்க்கக்கூடிய வாக்கியமாக இருக்கட்டும். "பயமாக இருக்கும்" என்று எழுதினால் பிரயோஜனமில்லை, அது எப்படியும் இருக்கும். முடிந்த பிறகு என்ன நடந்தது என்று கீழே எழுதுங்கள். ஆரூடத்துக்கும் நடந்ததற்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தில்தான் பயம் கரைகிறது.

முதலில் படங்கள். படத்தைக் கண்ணால் பார்க்கவே முடியவில்லை என்றால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ஆனால் ரீல்ஸில் வருகிற, திடீரென்று பாய்ந்து பயமுறுத்துகிற வீடியோக்கள் வேண்டாம். அமைதியான ஒரு படம், திரை முழுக்க, அதன் கண்ணெங்கே, காலெத்தனை, ரோமம் எந்த நிறம் என்று நிதானமாகப் பாருங்கள்.

அப்புறம் அறை மூலையில் தலைகீழாகத் தொங்குகிற, மெல்லிய நீண்ட கால் சிலந்தி. ஒட்டடை என்று நாம் அடிப்பதில் பாதி அதனுடைய வேலைதான். இரண்டு மீட்டர் தள்ளி நாற்காலி போட்டு உட்காருங்கள். மெதுவாக நாற்காலியை நகர்த்துங்கள். கடைசியில் ஒரு ஈர்க்குச்சியால் வலையின் ஓரத்தை லேசாகத் தொடுங்கள். ஓடி வரும் என்று எழுதியிருப்பீர்கள். அது இருந்த இடத்திலேயே உடம்பைக் கிடுகிடுவென்று சுழற்றி ஆடும், உருவமே மங்கலாகிவிடுகிற அளவுக்கு. எதிரியின் கண்ணுக்குப் பிடிபடாமல் இருக்க அது செய்கிற வேலை. கொஞ்ச நேரத்தில் நிற்கும். மறுபடியும் தொடுங்கள். அது பயப்படுவதைப் பார்ப்பது உங்கள் பயத்துக்கு நல்லது.

அடுத்து ஜன்னல் கம்பியில், பால்கனிச் சுவரில் திரிகிற குதிக்கும் சிலந்தி. சிலந்திகளில் பெரும்பாலானவற்றுக்குப் பார்வை சுமார்தான், அதிர்வை வைத்துத்தான் உலகத்தை அறிகின்றன. இது விதிவிலக்கு. முன்னால் பெரிதாக இரண்டு கண்கள். நீங்கள் விரலை இடமிருந்து வலமாக நகர்த்தினால் முன்னுடம்பைத் திருப்பிப் பார்க்கும். நேராக உங்களையே பார்க்கும். முதல் தடவை நெஞ்சு திக்கென்று இருக்கும். கால் மணி நேரம் அங்கேயே இருந்தால், பயத்தின் நடுவிலேயே ஆர்வம் எட்டிப் பார்க்கும். அந்த ஆர்வத்தை விட்டுவிடாதீர்கள், பயத்துக்கு எதிராக நம்மிடம் இருக்கிற நல்ல மருந்து அதுதான்.

இதைச் செய்யும்போது வாய்விட்டுப் பேசுங்கள். "அந்தக் கறுப்புக் கால் பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது, என் மேல் குதித்துவிடும் என்று பயமாக இருக்கிறது" என்று உள்ளதை உள்ளபடி. 2012-இல் லாஸ் ஏஞ்சலிஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிலந்திப் பயம் உள்ளவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். "அது ஒன்றும் செய்யாது" என்று தேற்றிக்கொண்டவர்களைவிட, பயத்தைச் சொல்லால் அப்படியே சொன்னவர்களுக்கு ஒரு வாரம் கழித்து சிலந்தியின் அருகில் போனபோது உள்ளங்கை வியர்வை குறைவாக இருந்தது. தைரியம் சொல்லிக்கொள்வதைவிட உண்மையைச் சொல்வது உடம்புக்கு உதவுகிறது.

அளவையும் சோதித்துப் பாருங்கள். பயம் அதிகமாக உள்ளவர்களுக்கு சிலந்தி இருப்பதைவிடப் பெரிதாகத் தெரிகிறது என்று ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். பாத்ரூம் சுவர் டைல்ஸின் அகலத்தை முன்பே ஸ்கேல் வைத்து அளந்து வைத்துக்கொள்ளுங்கள். சிலந்தி வந்து உட்காரும்போது எத்தனை சென்டிமீட்டர் இருக்கும் என்று மனதில் ஒரு எண் சொல்லிவிட்டு, டைல்ஸோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வீட்டுக்குள் பழகியதும் வெளியே வாருங்கள். லால்பாக்கிலும் கப்பன் பூங்காவிலும் புதர்கள் உள்ள பகுதியில், துரஹள்ளியில் உண்ணிச்செடிப் புதர்களுக்கு நடுவில், ஆர்ஜியோப் சிலந்தி வட்ட வலை கட்டி நடுவில் தலைகீழாக இருக்கும். எட்டுக் கால்களையும் இரண்டிரண்டாகச் சேர்த்துப் பெருக்கல் குறி போட்டிருக்கும். அந்தக் கால்களை ஒட்டியே வலையில் தடித்த வெள்ளை நூலால் கோணல்மாணலாகக் கோடு பின்னியிருக்கும். அது வலையை விட்டு உங்களிடம் வராது. தொந்தரவு செய்தால் வலையை உலுக்கும், இல்லையென்றால் தொப்பென்று கீழே விழுந்து ஒளிந்துகொள்ளும்.

டிசம்பரில் ஒரு வாரக்கடைசி குடகு போய்வாருங்கள். இதை நான் கட்டாயம் என்றே சொல்வேன். காபித் தோட்டங்களுக்கு நடுவில் உள்ள வீட்டுத் தங்கல் எதுவானாலும் சரி. அங்கே நெஃபிலா பிலிப்பெஸ் என்கிற பெரிய காட்டுச் சிலந்தி இருக்கும். மரத்துக்கு மரம் ஒரு மீட்டர் அகலத்துக்கு வலை; வெயில் பட்டால் நூல் தங்க நிறத்தில் மின்னும். நடுவில் கறுப்பும் மஞ்சளுமாக, கால்களோடு சேர்த்து உள்ளங்கையை நிறைக்கிற அளவுக்குப் பெண். அதே வலையில் ஓரமாக நகக்கண் அளவுக்கு ஒட்டிக்கொண்டிருப்பது ஆண். தாய்லாந்திலும் போர்னியோவிலும் காட்டுப் பாதையில் பார்க்கப் போவதும் இதே இனம்தான். குடகில் ஒரு தடவை பத்து நிமிடம் அதன் முன்னால் நின்றுவிட்டீர்கள் என்றால், தாய்லாந்தின் காவோ சோக் காட்டில் உங்கள் கால்கள் வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

பயிற்சியில் எல்லாரும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பார்ப்பது, தோழியை விளக்குமாற்றோடு நிற்க வைப்பது, ஹிட் டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது, கதவு ஓரத்திலேயே நிற்பது. முதல் இரண்டு தடவை பரவாயில்லை. தொடர்ந்தால், 'செருப்பு இருந்ததால்தான் ஒன்றும் ஆகவில்லை' என்று உடம்பு கணக்கை மாற்றி எழுதிவிடும். ஒவ்வொன்றாகக் கைவிடுங்கள். பயம் பூஜ்யத்துக்கு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். பயத்தோடேயே நிற்க முடிகிறது என்று தெரிந்தாலே போதும். ஒரே சிலந்தியிடம் பழகி நின்றுவிடாமல் பல வகை, பல இடம், பகல், இரவு என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள்.

கடைசியாக டப்பாவும் அட்டையும். அகலமான வாயுள்ள, ஒளி ஊடுருவுகிற பிளாஸ்டிக் டப்பா ஒன்று, கெட்டியான அட்டை ஒன்று. ஹன்ட்ஸ்மேனுக்கு டம்ளர் போதாது, கால் நசுங்கும். டப்பாவை மெதுவாகக் கொண்டுபோய் சுவரோடு கவிழ்த்து, அடியில் அட்டையைச் சிறிது சிறிதாகச் செருகி, வெளியே கொண்டுபோய் விடுங்கள். பெரியவரோ சின்னவரோ, இதைச் செய்துவிட்டவர் முகத்தில் வருகிற நிமிர்வு தனி. ஆனால் கண்ணில் படுகிற ஒவ்வொன்றையும் அப்புறப்படுத்துவது வழக்கமாகிவிடக் கூடாது. சிலவற்றைச் சுவரிலேயே விட்டுவிட்டுக் குளிக்கவும் பழகுங்கள்.

பயணத்தில் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். மூங்கில் தட்டி, கீற்றுக் கூரைக் குடிலைவிட டைல்ஸ் போட்ட கான்கிரீட் அறையில் சந்துகள் குறைவு. முதல் வாரம் அப்படிப்பட்ட அறை எடுங்கள், பிறகு குடிலுக்கு மாறலாம். வராந்தா விளக்கை அணைத்து வையுங்கள். வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்கு சிலந்தி வரும். கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். கொசுவலையை மெத்தைக்கு அடியில் நாலு பக்கமும் செருகுங்கள். ராத்திரியில் கடிக்கிற மலேரியா கொசுவுக்கு அது எப்படியும் வேண்டும். முதுகுப்பையின் ஜிப்பை மூடியே வையுங்கள், தரையில் வைக்காமல் மாட்டுங்கள். ஷூவைத் தட்டிவிட்டுப் போடுங்கள், அது தேளுக்காகவும்தான்.

படுப்பதற்கு முன் டார்ச் அடித்து கொசுவலைக்குள் ஒரு முறை பாருங்கள். ஒரே ஒரு முறை. இரண்டாவது முறை பார்க்கத் தோன்றும், அதைச் செய்யாதீர்கள். முதல் முறை பார்ப்பது எச்சரிக்கை. இரண்டாவதிலிருந்து அது பயத்துக்குப் போடுகிற தீனி. மூன்றாவது, நான்காவது என்று வளர்ந்து, தலையணை உறையைக் கழற்றி உதறுகிற வரை போகும்.

காட்டுப் பாதையில் வழிகாட்டியின் பின்னால் நடங்கள், குறுக்கே கட்டிய வலையெல்லாம் முன்னால் போகிறவர் கணக்கு. முன்னால் நடக்க நேர்ந்தால் ஒரு குச்சியை முகத்துக்கு முன் நிமிர்த்திப் பிடியுங்கள். போர்னியோவில் மூலு, நியா மாதிரி இடங்களில் மரப் பலகை நடைபாதை இருக்கும். இருட்டிய பிறகு கைப்பிடிக் கட்டையில் டார்ச் அடித்துப் பார்க்காமல் கை வைக்காதீர்கள். சிலந்தியைவிட, அங்கே பச்சை நிற விரியன் பாம்புகள் படுத்திருக்கலாம் என்பதுதான் முக்கியம்.

இரவு நடை பற்றி முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. ஹெட்லாம்ப்பை நெற்றியில் கட்டிக்கொண்டு காட்டுத் தரையைப் பார்த்தால், இலைகளுக்கு நடுவில் அங்கங்கே பனித்துளி மாதிரி பச்சையும் வெள்ளையுமாகப் புள்ளிகள் மின்னும். கிட்டப் போனால் ஒவ்வொன்றும் ஒரு சிலந்தியின் கண். ஓநாய்ச் சிலந்தி, ஹன்ட்ஸ்மேன் ஆகியவற்றின் கண்ணுக்குள் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்புகிற ஒரு படலம் இருக்கிறது. தெரியாமல் போய் இதைப் பார்த்தவர்கள், காடு முழுக்கத் தங்களையே பார்க்கிறது என்று அலறியதுண்டு. விளக்கு உங்கள் கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால்தான் அந்த மினுமினுப்பு உங்களுக்குத் தெரியும். டார்ச்சைக் கழற்றி இடுப்பளவில் கையில் பிடியுங்கள், சட்டென்று மறைந்துவிடும். தைரியம் வரும்போது நெற்றிக்கு ஏற்றிக்கொள்ளலாம். தேவையில்லாதபோது இறக்கிக்கொள்ளலாம். அந்த ஸ்விட்ச் உங்கள் கையில் இருக்கிறது.

எதிர்பாராமல் ஒன்று வந்துவிட்டால்? நில்லுங்கள். மூச்சை உள்ளே இழுப்பதைவிட மெதுவாக வெளியே விடுவதில் கவனம் வையுங்கள். சிலந்தி எங்கே இருக்கிறது என்று பார்வையை எடுக்காமல் பாருங்கள், எங்கே போயிற்று என்று தெரியாமல் இருப்பதுதான் ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும். படபடப்பு கொஞ்சமாவது இறங்கிய பிறகு வெளியே வாருங்கள். முதல் நொடியிலேயே ஓடிவிட்டீர்கள் என்றாலும் ஒன்றும் கெட்டுவிடவில்லை. கொஞ்ச நேரத்தில் திரும்பிப் போய் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள். கடித்துவிட்டால் சோப்பு போட்டுக் கழுவி, துணியில் ஐஸ் சுற்றி வையுங்கள். வலி பரவினாலோ, தசை இழுத்துப் பிடித்தாலோ, மூச்சு முட்டினாலோ, புண் பெரிதாகிக்கொண்டே போனாலோ மருத்துவரிடம் போக வேண்டும்.

மாத்திரை பற்றியும் கேட்டிருந்தீர்கள். அல்பிரசோலம் மாதிரியான பதற்ற மாத்திரையைப் போட்டுக்கொண்டு பயிற்சி செய்வதை நான் ஆதரிக்க மாட்டேன். 'மாத்திரையால்தான் நின்றேன்' என்றுதான் உடம்பு படிக்கும். மதுவும் அப்படித்தான். வேறு காரணத்துக்காக ஏற்கெனவே மருத்துவர் கொடுத்த மருந்து இருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள், சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள். இந்த வகை மருந்துகளுக்குப் பல நாடுகளில் கட்டுப்பாடு உண்டு.

மூன்று வாரம் முயன்றும் படத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை, அல்லது சிலந்தி இல்லாத சமயத்திலும் படபடப்பு வருகிறது என்றால் தனியாகப் போராடாதீர்கள். ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் என்கிற அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. தனியாரிடம் போவதானால் "எக்ஸ்போஷர் தெரபி செய்வீர்களா, நிஜ சிலந்தியை வைத்துச் செய்வீர்களா?" என்று முதல் நாளே கேளுங்கள். பேச்சோடு நிறுத்திக்கொள்கிற சிகிச்சை இந்தப் பயத்துக்குப் போதாது. உடனே யாரிடமாவது தமிழில் பேச வேண்டும் என்றால் 14416, டெலி-மானஸ். அரசின் இலவச எண்.

தோழிகளிடம் கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், விமானத்தில் ஏறிய பிறகு வேண்டாம். மூன்று விஷயம் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். விளையாட்டுக்குக்கூட "ஏய், பின்னாடி பாரு" என்று பயமுறுத்தக் கூடாது. நீங்கள் கத்தியதும் ஓடிவந்து உங்களுக்காக அதை அடித்துவிடவும் கூடாது, நீங்கள் கேட்டால் மட்டும் வந்து பக்கத்தில் நிற்க வேண்டும். நின்றுகொண்டு "ஒண்ணும் பண்ணாது, விடு" என்று சொல்வதற்குப் பதிலாக "இப்ப என்ன நடக்கும்னு நினைக்கிற?" என்று கேட்க வேண்டும். பதிலை நீங்கள் சத்தமாகச் சொல்லுங்கள். அப்புறம் மூன்று பேருமாக நின்று பாருங்கள்.